பின்னால் பெய்த மழை

கண்கள் இரண்டும் முகத்துக்கு முன்னால் இருக்கின்றன. முதுகுக்குப் பின்னால் நடப்பதை அறிய நமக்கு உள்ள துணை காதுதான். இந்தச் சாதாரண உண்மையை நாற்பத்தாறு வயதில், ஒரு டெலிவிஷன் பெட்டியிடம் பாடம் கேட்டு நான் தெரிந்துகொண்டேன்.

என் தாயாருக்குக் கண்ணழுத்த நோயால் பார்வை போய் ஆறு வருஷங்கள் ஆகின்றன. சினிமா என்றால் அவருக்கு உயிர். பார்க்கத்தானே முடியாது, கேட்கலாமே என்று, கதை எழுதி வந்த பணத்தில் ஒரு ஸ்மார்ட் டி.வி.யும், ஆம்பிளிஃபயரும், ஆறு ஒலிபெருக்கிகளும் வாங்கி வைத்தேன். இன்டர்நெட் வழியாக வரும் படங்கள் சிலவற்றில் 5.1 என்று ஒரு குறி இருக்கும். முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, ஆக ஐந்து. புள்ளிக்குப் பின் நிற்கும் ஒன்று, இடிக்கும் உறுமலுக்கும். பேச்சு பெரும்பாலும் நடுவிலிருந்து வரும். மழையும் காற்றும் ஜனக் கூட்டமும் பின்னாலிருந்து வந்து நம்மைச் சூழ்ந்துகொள்ளும். வித்தை பழையதுதான். 1940-லேயே வால்ட் டிஸ்னி 'ஃபேன்டேஷியா' படத்துக்காகச் சில கொட்டகைகளில் சுற்றிலும் ஒலிபெருக்கி வைத்துப் பார்த்தார். அது நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

பெட்டி வந்த புதிதில் ஒரு படத்தில் மழை பிடித்துக்கொண்டது. பின் ஒலிபெருக்கிகள் கொல்லைக் கதவின் இருபுறமும் இருக்கின்றன. அம்மா சட்டென்று தலையைத் திருப்பி, "கொல்லையிலே துணி காய்கிறதே, எடுத்தாயா?" என்று என் மனைவியைக் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தோம், அம்மாவும் சிரித்தார்.

சென்ற மாதம் ஒருநாள் என் மனைவி தாழ்ந்த குரலில், "காது டாக்டர் நல்லவராக யாராவது இருக்கிறாரா என்று அத்தை விசாரிக்கிறார். உங்களிடம் சொல்ல வேண்டாமாம்" என்றாள்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. போய்க் கேட்டேன். அம்மா முதலில் மழுப்பினார். பிறகு, "ஒன்றுமில்லையப்பா. கொஞ்ச நாளாகப் படமெல்லாம் எதிர்ச் சுவரிலேயே நடக்கிறது. பின்னாலே ஒன்றும் கேட்கவில்லை. வயசாகிறதில்லையா?" என்றார்.

அன்று மாலை 5.1 குறியுள்ள படம் ஒன்றைப் போட்டுவிட்டு, பின் ஒலிபெருக்கியில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை! ஒலிபெருக்கி ஊமையானதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் வேறு எவனும் இருக்க மாட்டான். அடுத்த கணமே வெட்கம் வந்தது. கண்ணுள்ள நாங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் என் தமக்கை மகனைப் போனில் அழைத்தேன்.

"மாமா, முதலில் வயரைப் பிடுங்காதீர்கள்" என்று ஆரம்பித்தான் அவன். என் சுபாவம் அறிந்த பிள்ளை.

ஆம்பிளிஃபயரிலேயே ஒரு சோதனைச் சத்தம் உண்டாம். அதைப் போட்டதும் ஒவ்வோர் ஒலிபெருக்கியும் முறைப்படி 'உஷ்' என்றது. பின்னால் இருப்பவையும் பேசின. ஆகவே அவற்றின்மேல் குற்றமில்லை. ஒரே படத்தில் ஒரு மொழிக்கு ஆறு ஒலித் தடமும், இன்னொரு மொழிக்கு இரண்டே தடமும் இருப்பதுண்டாம். 5.1 உள்ள மொழியையே பொறுக்கிப் போட்டேன். அப்போதும் மௌனம். கேபிள், ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில் சரியாகத்தான் இருந்தது.

"ஆம்பிளிஃபயரின் முகத்தில் என்ன எழுத்துத் தெரிகிறது?"

"பி.சி.எம்."

"அகப்பட்டது, மாமா! ஏ.ஆர்.சி. வழியாக பி.சி.எம். என்று அனுப்பினால் ஆறும் இரண்டாகக் கரைந்துதான் வரும். டி.வி.யின் ஒலி அமைப்பில் 'டிஜிட்டல் அவுட்புட்' என்று இருக்கும். அதில் 'பாஸ் த்ரூ' என்பதை வையுங்கள்."

வைத்தேன். ஆம்பிளிஃபயரில் 'டால்பி' என்ற எழுத்து மின்னியது.

"யார் மாமா அதை மாற்றியது?"

எனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் செய்தி வாசிப்பவரின் உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் போயிற்று. எரிச்சலில் எதையெதையோ அழுத்தி பி.சி.எம். என்று வைத்தேன். உதடும் குரலும் ஒன்று சேர்ந்தன. நான் அதை அப்படியே மறந்துபோனேன்.

அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். "நீ செய்த காரியமா?" என்றார் அவர். சற்று நேரம் பேசவில்லை. "ராத்திரியெல்லாம் படுத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரம் கேட்கிறதா, கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேனடா."

நான் என்ன பதில் சொல்வது? அந்தப் பழைய மழைப் படத்தைத் தேடிப் போட்டேன். எல்லோரும் வந்து உட்கார்ந்தோம். கொல்லைக் கதவண்டை முதலில் நாலு தூற்றல். பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது.

அம்மாவின் தலை திரும்பியது.

"துணியை எடுத்தாயிற்றா?" என்றார்.

இந்தத் தடவை நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி எழுந்து போய்க் கொடியைப் பார்த்துவிட்டு வந்து, "எடுத்தாயிற்று, அத்தை" என்றாள்.