பிளஸ் டூ பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது

பிளஸ் டூ எழுதும் பிள்ளையிடம் "இதை விட்டா வாழ்க்கையே போச்சு" என்பது கொடுமை மட்டுமல்ல, பொய்யும்கூட. ஒரு பாடத்தில் தவறினாலும் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு. மாநில ரேங்க் பட்டியலையே 2017இல் தமிழக அரசு நிறுத்திவிட்டது. பல வீடுகளில்தான் அது இன்னும் நிற்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால் பிள்ளை அலட்சியமாகிவிடும் என்பார்கள். பொறியியல் கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்ற கணக்கு அந்தப் பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். மதிப்பெண்ணின் அருமையை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பயந்த மனதில்தான் படித்தது நிற்பதில்லை. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல், மாற்று வழிகளை இன்றைக்கே பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடலாமே?