ஓடினால் ஓடுமா புழு?

பி.காம். பாஸ் பண்ணிவிட்டு, வேலை கிடைக்கும்வரை உடம்பையாவது தேற்றுவோம் என்று நான் தண்டால் எடுத்துக்கொண்டிருந்த காலம். செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு யானைக்கால் மாத்திரை கொடுக்க சுகாதாரத்துறை அம்மா ஒருவர் வந்தார். டி.இ.சி. மூன்று, பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் ஒன்று.

"எனக்கெதுக்கு மேடம்? ஆர்ம்ஸைப் பாருங்க!" என்று கையை மடக்கிக் காட்டினேன்.

அவர் ஆர்ம்ஸைப் பார்க்கவே இல்லை. "சாப்டாச்சா? அப்ப என் எதிர்லயே முழுங்குங்க தம்பி."

முழுங்கினேன். சாயங்காலமே திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறி, மாமல்லபுரத்தில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டேன். மணலில் ஓடினால் தொடை இறுகும் என்று யாரோ சொன்னதை நம்பி!

மாமா ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருக்கும். வேட்டியைத் தழையத் தழையக் கட்டியே இருபது வருஷம் ஓட்டியவர். கடற்கரைப் பக்கமே போகமாட்டார். கேட்டால், "மணல்ல என்னடா இருக்கு?" என்பார்.

மறுநாள் விடியற்காலை கடற்கரைக் கோயிலருகே ஆரம்பித்து வடக்கே ஓடினேன். கொஞ்ச தூரத்திலேயே தலை பிளந்தது. குளிர், வாந்தி. படகு நிழலில் என்னை உட்கார வைத்த மீனவர் ஒருவர், வீட்டுக்கு ஆள் அனுப்பினார். சற்று நேரத்தில் மணலில் காலை இழுத்து இழுத்து வந்தது... மாமா! வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே அப்போது அவருக்கு இல்லை.

"மாத்திரை எனக்கு ஒத்துக்கலை சார்" என்றேன் டாக்டரிடம்.

"ஒத்துக்காதது உனக்கில்லப்பா. உன் ரத்தத்துல குடியிருக்கிறவனுக்கு" என்றார் அவர்.

விஷயம் இதுதான். டி.இ.சி. போட்டதும் ரத்தத்தில் இருக்கும் குஞ்சுப் புழுக்கள் கும்பலாகச் சாகும். அந்தச் சாவுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. புழு இல்லாதவர்களுக்குப் பொதுவாக இவ்வளவு ஆர்ப்பாட்டம் இராது. ஓரிரு நாளில் தானே அடங்கும். அந்த ஓரிரு நாள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்க வேண்டும். நான் ஓடினேன்!

ராத்திரி பதினோரு மணிக்கு விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஏன் அந்த அகாலம்? இந்தப் புழுக்குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் பதுங்கிக்கொண்டு, சாக்கடைக் கொசு கடிக்கிற ராத்திரி நேரத்தில்தான் தோல் பக்கம் வருமாம். 1881-ல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற டாக்டர், ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவைத்து ராத்திரியில் விழிக்கவைத்தார். புழுக்களும் பகல் ஷிஃப்டுக்கு மாறிவிட்டன! (நைட் ஷிஃப்ட் நண்பர்கள் கவனிக்க.) ஸ்டீபன் ஹாக்கிங்கின் அப்பா ஃபிராங்க் ஹாக்கிங்கும் இந்தப் புழுவின் நேரங்காலத்தை ஆராய்ந்தவர்தான்.

என் ரத்தத்தில் மாத்திரைக்குத் தப்பிய இரண்டு மூன்று பேர் அகப்பட்டார்கள். பன்னிரண்டு நாள் கோர்ஸ் எழுதினார் டாக்டர்.

"தினம் பத்து கிலோமீட்டர் ஓடி வேர்வையில வெளியேத்திட முடியாதா சார்?"

சிரித்துவிட்டார். தாய்ப்புழு நிணநீர்க் குழாயில் பல வருஷம் குடித்தனம் நடத்துமாம். நாம் ஓடினால் அதுவும் கூடவே ஓடி வரும், அவ்வளவுதான். அதைக் கொல்வது மாத்திரையின் வேலை.

"அப்ப மாமாவுக்கும் அதே மாத்திரையா?"

"புழு இருந்தா குடுக்கலாம். ஆனா வீக்கம் மாத்திரையில வடியாது. உன் எக்சர்சைஸ் வேணும்னா அங்க உதவும்" என்றார் டாக்டர்.

எனக்கு அதுதான் ஆச்சரியம். ரத்தத்துக்கு இதயம் பம்ப். காலில் தேங்கும் நிணநீரை மேலே தள்ள அப்படி ஒரு பம்ப் கிடையாது. கெண்டைக்கால் சதையும் அசைந்து தள்ள உதவவேண்டும். மாமாவோ நாள் முழுக்க நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டிருப்பவர். குதிகாலைத் தூக்கி இறக்குவது, கணுக்காலைச் சுழற்றுவது, படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பது. கூடவே காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்கவேண்டும். அந்த இடுக்கு வெடிப்பில் நுழையும் கிருமிதான் நெறி கட்டி, காய்ச்சல் வந்து, காலை இன்னும் பெருக்க வைக்கிறது. அப்படிக் கால் சிவந்து சூடாக இருக்கும் நாட்களில் மட்டும் எக்சர்சைஸ் கூடவே கூடாது, ஓய்வும் டாக்டரும்தான்.

2016-ல் இலங்கை யானைக்காலை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியா 2027-ஐக் குறி வைத்திருக்கிறது. ஆனால் ஏற்கனவே வீங்கிய காலுக்கு எந்த அறிவிப்பும் சோப்பு போட்டுவிடாது.

லாட்ஜ் மேஜைக்கடியில் மாமாவின் குதிகால் ஏறி இறங்க ஆரம்பித்தது. ஆறு மாதம் கழித்துப் போனபோது வீக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. முழுசாகப் போகவில்லை, போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கு சாயங்காலம் அவரே, "வாடா, கடற்கரைப் பக்கம் போய்ட்டு வரலாம்" என்றார். மெதுவாக நடந்தோம். திரும்பும்போது தெருக்குழாயில் நின்று, இடுப்பிலிருந்து சோப்பை எடுத்து, ஒவ்வொரு விரலிடுக்காகத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். நான் பசியோடு பஜ்ஜிக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருடா, இன்னும் சுண்டுவிரல் பாக்கி" என்றார் மாமா.