கண்ணாடியில் விழும் முகங்கள்

ஹைதராபாத்தில் நயாபூல் பாலத்தைக் கடந்து மூசி நதியின் தென்கரைக்கு வந்தால் சாலர் ஜங் அருங்காட்சியகம். கேமராவோடு உள்ளே போகிறவர்களுக்கு முதல் எதிரி கண்ணாடிதான். ஜஹாங்கீரின் கட்டாரி, நூர்ஜஹானின் பழம் நறுக்கும் கத்தி என்று எதைக் குறிவைத்தாலும் மேலே எரியும் விளக்கும் பின்னால் நிற்பவரின் சட்டையும் சேர்ந்தே பதிவாகும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைப்பது, கறுப்புத் துணியால் வெளிச்சத்தை மறைப்பது, போலரைசர் ஃபில்டர் மாட்டிக்கொண்டு சற்றுச் சாய்வாக நிற்பது என்று தப்பிக்கச் சில வழிகள் உண்டு.

ஆனால் ஒரு சிற்பத்திடம் இந்த உபாயங்கள் எடுபடாது. கண்ணாடியே அந்தச் சிற்பத்தில் பாதி. 19ஆம் நூற்றாண்டில் ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்ட இரட்டை உருவம் அது. முன்பக்கம் கதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடகத்தில் வரும் சாத்தான் மெஃபிஸ்டோஃபிலஸ், இறுமாப்போடு நிமிர்ந்து நிற்கிறான். அவன் முதுகுப் பக்கம், அதே நாடகத்தின் பேதைப் பெண் மார்கரெட்டா, தலை கவிழ்ந்து நிற்கிறாள். பின்னால் உள்ள நிலைக்கண்ணாடியில்தான் அவள் முகம் தெரியும்.

நேர் எதிரே நின்றால் சாத்தான் அவளை மறைத்துவிடுவான். இருவரையும் பார்க்கக் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். விலகினால், எதிரே கூடியிருக்கும் கும்பலும் கண்ணாடிக்குள் வந்துவிடுகிறது: தோளில் குழந்தையைத் தூக்கிய அப்பா, வரிசை கலைந்த பள்ளிப் பிள்ளைகள், செல்போனை உயர்த்திய கைகள். இங்கே பார்வையாளர்கள் இல்லாத படம் எடுக்க வேண்டுமானால் பார்வையாளர்களே இல்லாத நேரத்தில்தான் வர வேண்டும். அவர்களைக் குறையாக நினைக்காமல் படத்தில் சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எவ்வளவு தூரம் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் சிக்கல். கேமராவை நேராக நீட்டினால் எதிரில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், சிரிப்பார் அல்லது முறைப்பார். பிம்பத்தைப் படமெடுத்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. பொருளைப் படமெடுப்பதுபோல் பாவனை செய்து மனிதரை எடுத்துவிடலாம்.

இத்தாலியச் சிற்பி பென்சோனியின் ‘முக்காடிட்ட ரெபெக்கா’ இருக்கும் இடத்தில் இந்தச் சபலம் அதிகம். 1876இல் முதலாம் சாலர் ஜங் ரோமில் வாங்கிய பளிங்குச் சிலை அது. கல்லிலேயே மெல்லிய துணி நனைந்து ஒட்டிக்கொண்டதுபோல் ஒரு முக்காடு, அதற்குள் முகம். பழைய நகரத்திலிருந்து புர்கா அணிந்து வரும் பெண்கள் அதன் முன் நின்று பார்ப்பது வழக்கமான காட்சி. படமெடுப்பவருக்கோ அது தயாராகக் கிடைத்த தலைப்பு. அந்தப் பெண் வந்தது சிலையைப் பார்க்க. சிலைக்கு விளக்கவுரையாக நிற்க அல்ல. தன் முகத்தை யார் பார்க்கலாம் என்பதைத் தானே தீர்மானித்துக்கொண்டு வந்தவளிடமிருந்து அந்தத் தீர்மானத்தைக் கேமரா பிடுங்கக் கூடாது.

இந்த இடத்தின் வரலாறும் அதைத்தான் சொல்கிறது. நிஜாமின் பிரதம மந்திரியாக இருந்த மூன்றாம் சாலர் ஜங், மீர் யூசுஃப் அலி கான், 1949இல் வாரிசு இல்லாமல் இறந்தார். வாழ்நாள் முழுவதும் அவர் சேர்த்த கலைப்பொருட்களை அதுவரை மாளிகைக்கு அழைக்கப்பட்டவர்களே பார்க்க முடிந்தது. 1951 டிசம்பர் 16 அன்று அவருடைய திவான் தேவ்டி மாளிகையில் அருங்காட்சியகத்தை நேரு திறந்துவைத்தார். 1961இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. 1968இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. சீட்டு வாங்கிய யாரும் இங்கே விருந்தாளிதான். நிம்மதியாகப் பார்க்கும் உரிமையும் அந்தச் சீட்டில் சேர்ந்தது.

மணிக்கு ஒரு தரம் இசைக் கடிகாரத்தின் முன் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். தாடிக்காரப் பொம்மை வெளியே வந்து மணி அடிக்கும்போது எத்தனை முகங்கள் ஒன்றாக மலர்கின்றன! முகம் அடையாளம் தெரியாமல், கூட்டத்தின் மகிழ்ச்சி மட்டும் தெரியும்படி எடுக்க அங்கே வழி இருக்கிறது. தனி ஒருவரின் முகம் வேண்டுமென்றால் கேட்டுவிடலாம். கேட்டால் அந்த இயல்பான கணம் போய்விடும் என்பார்கள். போகட்டும். சம்மதம் சொல்லிவிட்டு முந்தானையையோ காலரையோ சரிசெய்துகொள்ளும் கணம் அதற்குக் குறைந்ததல்ல.