நோவுக்கு ஒரு சொல்

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடலில் ஜெரஜாக் என்றொரு சிறு தீவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயர் இல்லமும், கப்பலேறி வந்தோரைத் தடுத்து வைக்கும் நோய்த்தடுப்பு நிலையமும் அமைந்தன. நாகப்பட்டினத்திலிருந்து வந்த நம் முன்னோர் பலர் பினாங்கு மண்ணை மிதிக்குமுன் மிதித்த மண் அதுதான். கொள்ளைநோய் தோட்டங்களுக்குள் புகுந்துவிடலாகாதே என்னும் கவலையால் எழுந்தது அந்நிலையம். ‘உனக்கு எங்கே நோகிறது?’ என்று ஒருவனைக் கேட்பதற்காக எழுந்ததன்று.

சீனரும் அவ்வாறே பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்கள் 1883-இல், ஏழைகளுக்கு மருந்து தருவதற்கென்றே லாம் வா ஈ என்னும் அறநிலையத்தைத் தொடங்கினர். அது இன்று பெரிய மருத்துவமனையாக வளர்ந்திருக்கின்றது. அயல் மண்ணில் தம் மொழியிலேயே நோவைச் சொல்லத்தக்க ஓர் இடத்தை அவர்கள் தொடக்கத்திலேயே அமைத்துக்கொண்டனர். நாமோ கோயிலையும் பள்ளியையும் முதலில் கட்டினோம். அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் இவ்வேறுபாடு என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இன்று ஜார்ஜ் டவுனுக்குச் சுமத்ராவின் மேடான் நகரிலிருந்து வானூர்தியேறி நோயாளிகள் வருகின்றனர். தனியார் மருத்துவமனைகள் அவர்களை விருந்தினராகவே வரவேற்கின்றன. மொழியும் அவர்களுக்குப் பெருந்தடையன்று. (இந்தோனேசியர் மருத்துவமனையை ‘ருமா சாக்கிட்’ என்பர்; நோய்வீடு என்று பொருள். நம் ‘மருத்துவமனை’ நம்பிக்கையூட்டும் சொல்; அவர்களுடையது உண்மையைச் சொல்லும் சொல்.) ஆயின் ‘அயலகத்தார்’ என்னும் அதே சொல்லுக்குள் இன்னொருவனும் அடங்குகின்றான். அவன் புதுக்கோட்டையிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வந்து, சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவி, அதன் மேல்மாடியில் படுத்துறங்குபவன்.

சில ஆண்டுகளுக்கு முன், நள்ளிரவில், கடை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “வாத்தியாரையா, நம்ம கடைப் பையனுக்கு வயிற்று வலி. டாக்டர் கேட்கிறது அவனுக்குப் புரியவில்லை. நான் இப்போது ஈப்போவில் இருக்கிறேன். கொஞ்சம் போய்ப் பாருங்கள்” என்றார். சென்றேன். பையன் இந்நாட்டுக்கு வந்து நான்கு திங்கள். அவன் கற்றிருந்த மலாய்ச் சொல் ஒன்றுதான்: சாக்கிட். எங்கே, எப்போது, எப்படி என்று இளம் மருத்துவர் பொறுமையாகக் கேட்கக் கேட்க, அவன் ‘சாக்கிட், சாக்கிட்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நான் தமிழில் வினவியதும் சொற்கள் மடைதிறந்து வந்தன. “மொதல்ல தொப்புளச் சுத்திப் பெசஞ்சுச்சுங்கய்யா. இப்ப வலது பக்கம் கீழ எறங்கிக் குத்துது.” அதை ஆங்கிலத்தில் நான் சொல்லி முடிக்குமுன் மருத்துவர் நிமிர்ந்தார். குடல்வால் அழற்சி இறங்கும் வழி அதுவே. விடியுமுன் அறுவை முடிந்தது.

அதற்கு முன் ஒன்று நிகழ்ந்தது. தாதி படிவத்தை நீட்டி, “வாரிஸ் சியாப்பா?” என்று கேட்டார். பையன் முகம் வெளிறிற்று. “ஐயா, நான் பொழைக்க மாட்டேனாங்கய்யா? எனக்கு வாரிசுன்னு யாரு இருக்கா? கல்யாணங்கூட ஆகலீங்களே!” என்றான். மலாயில் அச்சொல் நெருங்கிய உறவினரையும் குறிக்கும். இரு மொழிகளுமே அரபியிலிருந்து கடன்கொண்ட சொல். நம்மிடம் அது சொத்துக்கு உரியவனோடு ஒட்டிக்கொண்டது. உடன் வந்திருந்த தென்காசிச் சமையற்காரர் படிவத்தை வாங்கித் தம் பெயரை எழுதி, உறவு என்னும் இடத்தில் ‘அண்ணன்’ என்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன்.

குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இசிவு, பிசைதல், மரத்துப்போதல் என நோவை நுணுகிப் பிரித்த மொழி நம்முடையது. மலாயும் ஏழைமொழியன்று: குத்தலுக்குச் ‘சூச்சோக்’, எரிச்சலுக்குப் ‘பெடே’, கூச்சத்துக்கு ‘ஙிலு’ என்று அதற்கும் உண்டு. இடையில் நிற்பவனிடந்தான் ஒரே சொல். ‘நெஞ்சு கரிக்கிறது’ என்பது பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பு. ‘நெஞ்சை அடைக்கிறது, இடக்கை இழுக்கிறது, வியர்க்கிறது’ என்பதோ மாரடைப்பாகலாம். இரண்டும் ‘சாக்கிட் டாடா’ என்றே போய்ச் சேர்ந்தால் உயிர் போகும்.

சட்டம் உதவவில்லை என்று சொல்வதற்கில்லை. உயிர்காக்கும் முதற்சிகிச்சையை எவர்க்கும் தரத் தனியார் மருத்துவமனைகள் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்கின்றது 1998-ஆம் ஆண்டுச் சட்டம். அயலகத் தொழிலாளர்க்கு மருத்துவமனைக் காப்புறுதி 2011-இல் கட்டாயமாயிற்று; வேலையிட விபத்துக்கான சொக்சோ காப்பு 2019 சனவரி முதல் அவர்களுக்கும் கிட்டிற்று. ஆயின் குடிமகன் 1 வெள்ளி கொடுத்து மருத்துவரைக் காணும் அரசு மருத்துவமனையில் அயலகத்தான் பன்மடங்கு செலுத்த வேண்டும். முறையான ஆவணமில்லாதோரைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டுமென 2001-இல் சுகாதாரத் துறை சுற்றறிக்கை ஒன்றை விடுத்தது. அதன் பின் காய்ச்சலைவிடக் கடப்பிதழே பலரை நடுங்கச் செய்கின்றது. நோயை மறைத்தவன் முற்றிய பின்னரே வருகின்றான். அதனால் எவர்க்கு என்ன இலாபம் என்பது எனக்கு விளங்கவில்லை.

தெருப்பெயரும் ஓர் இடர். நாம் ‘கடைத்தெரு’ என்போம். பலகையில் ‘லெபோ பாசார்’. ஆங்கிலத்தில் மார்க்கெட் வீதி. 999-ஐ அழைத்து, ‘கடைத்தெரு, மேல்மாடி’ என்று தமிழில் கதறினால் மருத்துவ வண்டி எங்ஙனம் வரும்?

இடைநிலைப்பள்ளித் தமிழ் மாணவர்க்கு இதை ஒரு பயிற்சியாகவே தரலாம். மேற்கூறிய சொற்களைத் தமிழிலும் மலாயிலும் எதிரெதிரே எழுதி, உடலின் படமொன்றும் வரைந்து, ஒரே தாளில் அடக்கிவிடலாம். அதை ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியிலும் ஒட்ட வேண்டும். 999 என்னும் எண் மேலே இருக்கட்டும். அதன் கீழே கடையின் முகவரி, மலாயில், பெரிய எழுத்தில். பக்கத்திலேயே அதை ஒலிக்கும் முறை தமிழில்.