வானத்தில் கிலோமீட்டர் எதற்கு?

தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், சுமார் 12,400 கி.மீ. என்று பதில் வரும். உருண்டைப் பூமியின் மேல் இரண்டு ஊரையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் அது; அந்தக் கோடு வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. முன்பு ஏர் இந்தியா மேற்கே திரும்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி சுமார் 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் கிழக்கே திரும்பி, பசிபிக் வழியாக 15,300 கி.மீ. பறந்தது. வழி 1,400 கி.மீ. நீண்டும் பதினான்கரை மணி நேரத்தில், பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 1,050 கி.மீ.க்கு மேல் வருகிறது. அந்த வகை விமானம் தன் எஞ்சின் பலத்தில் 900 கி.மீ. அளவில்தான் பறக்கும். மீதியைக் கொடுத்தது, மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் ஓடும் ஜெட் காற்று. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள உண்மையான தூரம் மணிக் கணக்குதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

கிலோமீட்டர் மாறாதது, நேரமோ பருவத்துக்குப் பருவம் மாறுவது. மாறுகிற ஒன்றை அளவுகோலாக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எரிபொருள் செலவு எஞ்சின் ஓடும் நேரத்தைப் பொறுத்தது. விமானிகளின் பணி நேர வரம்பும் மணியில்தான் கணக்கிடப்படுகிறது. மகளின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து தில்லி வழியாகக் கிளம்பும் தாயின் முழங்கால் வலிக்கும் மணிக் கணக்குதான் தெரியும். மாறாத எண் வரைபடத்துக்கு உதவும், பயணத்துக்கு உதவாது.

காற்றையாவது புரிந்துகொள்ளலாம், போகும்போது தள்ளினால் வரும்போது தடுக்கும். வான்வெளி அனுமதி அப்படியல்ல. 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் வான்வெளியின் பெரும்பகுதியை மூடியிருந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று மறுபடி மூடியது, இம்முறை இந்திய விமானங்களுக்கு மட்டும். சில நாட்களில் இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்குத் தன் வானை மூடியது. தில்லியிலிருந்து லண்டன் போகும் இந்திய விமானம் தெற்கே இறங்கி அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று. அதே ஓடுபாதையிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு நிறுவனத்தின் விமானத்துக்கு அந்தத் தடை இல்லை. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒன்றே. வாலில் எழுதிய பதிவு எண்ணைப் பொறுத்துத் தூரம் மாறியது.

பாதுகாப்பு என்று வரும்போது சில மணி நேரம் பெரிதா என்பார்கள். காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலில் உயிர்கள் போன பிறகு அரசுகள் கடுமையாக நடந்ததைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த மணி நேரத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். சுற்று வழி நீண்டால் எரிபொருள் கூடும். எரிபொருளின் எடை கூடினால் ஆட்களையோ சரக்கையோ குறைக்க வேண்டும், அல்லது நடுவில் இறங்கி நிரப்பிக்கொள்ள வேண்டும். தில்லி–வாஷிங்டன் நேரடிச் சேவையை 2025 செப்டம்பர் 1 முதல் நிறுத்துவதாக அறிவித்தபோது, விமானங்களைப் புதுப்பிக்க அனுப்புவதால் வரும் பற்றாக்குறையோடு இந்த வான்வெளித் தடையையும் ஏர் இந்தியா காரணமாகச் சொன்னது. இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே இன்றும் சுமார் 12,000 கி.மீ.தான். அந்தச் சேவையை நம்பியிருந்தவர்கள் வேறோர் ஊரில் இறங்கி, காத்திருந்து, அடுத்த விமானம் ஏற வேண்டும்.