மிசல் எந்தத் திணை?

வரும் டிசம்பரில் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டுப் புனேயிலிருந்து சென்னைக்குக் குடிபெயர வேண்டும். புத்தகங்களைப் பார்சலில் அனுப்பிவிடலாம். மிசலை அனுப்புவதுதான் கேள்வி. மிசல் நான்காண்டுகளுக்கு முன் வாடகை வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்ட தெருநாய்க்குட்டி. இன்று 16 கிலோ எடையுள்ள நாட்டு நாய். அதை விமானத்தில் கொண்டுசெல்லும் வழியறியச் சில வாரங்களாக விமான நிறுவனங்களின் விதிகளைப் படித்துவருகிறேன். இதே நிலையில் உள்ள நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் படித்தவற்றையும், படிக்கையில் எழுந்த மொழியியல் ஐயம் ஒன்றையும் எழுதுகிறேன்.

விமானத்தில் விலங்கு செல்லும் முறைகள் மூன்று. முதலாவது, பயணியோடு கேபினில், இருக்கைக்கு அடியில் அடங்கும் மென்பையில். இரண்டாவது, அதே விமானத்தின் சரக்கறையில், செக்-இன் பேகேஜாக. மூன்றாவது, பயணியோடு தொடர்பின்றி, ஏர்வே பில் எழுதப்பட்ட கார்கோவாக. எந்த முறை என்பதை நிறுவனமும் எடையும் முடிவு செய்கின்றன. இண்டிகோ வளர்ப்பு விலங்குகளை ஏற்பதில்லை. உடற்குறையுள்ளோருக்கு உதவப் பயிற்சி பெற்ற நாய்க்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகாசா ஏர் 2022 நவம்பர் 1 முதல் ஏற்கத் தொடங்கியது. கேபினுக்கான எல்லை அப்போது 7 கிலோ, பின்னர் 10 கிலோவாக உயர்ந்தது. ஏர் இந்தியா நெடுங்காலமாகவே ஏற்றுவருகிறது. இந்த எடை விலங்கின் எடை மட்டுமன்று, பையையும் சேர்த்தது. எங்கும் முன்னனுமதி வேண்டும். ஒரு விமானத்தில் ஏற்கப்படும் விலங்குகளின் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. மிசலுக்குக் கேபின் இல்லை. சரக்கறைதான்.

சரக்கறை என்றதும் கூண்டின் அளவு முன்வந்து நிற்கிறது. இதை வகுப்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா ஆண்டுதோறும் வெளியிடும் உயிர்விலங்கு ஒழுங்குமுறை. நாயிடம் நான்கு அளவுகள் எடுக்க வேண்டும்: மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை நீளம், தரையிலிருந்து முன்காலின் முழங்கைவரை உயரம், தோள்களின் அகலம், நிற்கையில் தரையிலிருந்து தலையுச்சி அல்லது காது நுனிவரை, எது உயரமோ அது. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோளகலத்தின் இருமடங்கு அதன் அகலம். நான்காம் அளவோடு விரிப்பின் கனத்தைச் சேர்த்தால் உயரம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு 10 விழுக்காடு கூடுதல். மூச்சுத்திணறல் அபாயத்தால் பல நிறுவனங்கள் அவற்றைச் சரக்கறையில் ஏற்பதே இல்லை.

மிசலின் அளவுகள் முறையே 65, 30, 18, 58 செ.மீ. காதுகள் நிமிர்ந்த நாய் என்பதால் கடைசி அளவு காது நுனிவரை. விரிப்புக்கு 3 செ.மீ. சேர்த்தால் கூண்டின் உள்ளளவு 80 × 36 × 61. கார்கோவில் அனுப்பினால் கட்டணம் மெய்யெடை, பருமன் எடை ஆகிய இரண்டில் கூடுதலானதற்கே விதிக்கப்படும். கன சென்டிமீட்டரை 6000 ஆல் வகுப்பது பரவலான வழக்கு; வகுத்தால் 29 கிலோவுக்கு மேல் வருகிறது. கூண்டின் வெளியளவைக் கொண்டால் இன்னும் கூடும். 16 கிலோ நாய்க்கு ஏன் இவ்வளவு வெற்றிடம்? விதியே விடை தருகிறது: விலங்கு இயல்பாக நிற்கவும், நிமிர்ந்து உட்காரவும், திரும்பவும், படுக்கவும் இயல வேண்டும்.

இங்குதான் எனக்கு அந்த ஐயம் எழுந்தது. விலங்கைப் ‘பேகேஜ்’ என்று பெயரிட்ட அதே விதித்தொகுதி, அதற்குக் கொடுக்கும் வினைகள் நிற்றல், உட்கார்தல், திரும்புதல், படுத்தல். எந்தப் பெட்டிக்கும் இவ்வினைகள் பொருந்தா. பிற விதிகளும் அவ்வாறே. கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்ற வழி இருக்க வேண்டும். மயக்க மருந்து தரலாகாது என்பது பொது அறிவுரை. மருந்தின் மயக்கத்தில் இரத்த அழுத்தம் தாழும், விலங்கு சமநிலை இழக்கும். சரக்கறையில் உயிர்விலங்கு இருப்பதை விமானிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெயர்ச்சொல் பெட்டி என்றாலும் வினைச்சொற்கள் உயிரையே குறிக்கின்றன.

இந்த முரண் ஏட்டளவில் நிற்பதன்று. 2019 அக்டோபரில் புவெனஸ் ஐரிஸிலிருந்து பார்சிலோனாவுக்கு இபேரியா விமானத்தில் செல்லவிருந்த பயணி ஒருவரின் நாய், அளவும் எடையும் காரணமாகச் சரக்கறைக்கு ஒப்படைக்கப்பட்டது. விமானத்திற்குக் கொண்டுசெல்லும் வழியில் கூண்டிலிருந்து வெளியேறி ஓடிய அந்நாய் கிடைக்கவே இல்லை. பயணி கோரிய இழப்பீடு 5,000 யூரோ. இழப்பை ஒப்புக்கொண்ட நிறுவனம், பயணப் பைகளுக்கான வரம்புத் தொகையே தரமுடியும் என்றது. மாட்ரிட் நீதிமன்றம் வினாவை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திற்கு அனுப்ப, 2025 அக்டோபர் 16 அன்று தீர்ப்பு வந்தது: 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ப்பு விலங்கு ‘பேகேஜ்’ என்பதில் அடங்கும். தீர்ப்பின் தருக்கம் நமக்குப் புதிதன்று. அச்சொல்லின் இயல்பான பொருள் பொருள்களையே குறிக்கும் என்பதை நீதிமன்றமும் ஏற்கிறது. ஆனால் உடன்படிக்கை அறிந்த வகைகள் மூன்றே: ஆட்கள், பேகேஜ், கார்கோ. நாய் ஆளன்று. ஆகவே எஞ்சியதில் அடங்க வேண்டும்.

அல் + திணை = அஃறிணை. மக்களை ஒரு திணையாகவும், மக்களல்லாத அனைத்தையும் எதிர்மறையால் மற்றொரு திணையாகவும் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே வகுத்துவிடுகிறது. நாயும் நாற்காலியும் நமக்கு ஒரே திணை. மராத்தியில் பகுப்பு வேறு: குத்ரா ஆண்பால், மாஞ்சர் எனும் பூனை நபும்சகலிங்கம், குர்ச்சி எனும் நாற்காலி பெண்பால். எனினும் தமிழிலக்கணம் எதிர்மறையோடு நின்றுவிடவில்லை. அதே தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண் பெண் பெயர்களையும் தனித்தனியே எண்ணுகிறது. உயிர்களை அறிவின் அளவால் வரிசைப்படுத்துகிறது. நன்னூலோ திணைவழுவமைதி என்று ஒரு வாயிலையே திறந்துவைக்கிறது. உவப்பினால் பசுவைத் தாயென்று சொல்லி உயர்திணை வினை கொடுப்பது பிழையன்று, அமைதி. வீட்டில் நாயை ‘வந்தான்’, ‘சாப்பிட்டான்’ என்போர் அனைவரும் இலக்கணத்தின் காவலில்தான் இருக்கிறார்கள்.

மான்ட்ரியல் உடன்படிக்கையிலும் அத்தகைய வாயில் ஒன்று உண்டு. பலர் அதைப் படிப்பதில்லை. பேகேஜுக்கான வரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், பயணி ஒருவருக்குப் பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் சிறப்பு எடுப்பு உரிமைக் கணக்கில் 1,519 அலகுகள். ஆனால் பொருளை ஒப்படைக்கும்போதே, அது சேரிடம் சேர்வதில் தமக்குள்ள சிறப்பு நலனை அறிவித்து, கேட்கப்படின் கூடுதல் தொகையும் செலுத்தினால், அறிவித்த தொகைவரை நிறுவனம் பொறுப்பாகும். புவெனஸ் ஐரிஸ் பயணி அவ்வாறு அறிவித்திருக்கவில்லை. இந்தியாவில் உள்நாட்டுப் பயணங்களுக்கு வரம்புத் தொகைகள் வேறு. எனவே கூண்டை ஒப்படைக்குமுன் இந்த அறிவிப்பைப் பற்றி எழுத்தில் கேட்பது என் பட்டியலில் முதலாவது.

இரண்டாவது, தரை. உயிர்விலங்கு செல்லும் சரக்கறையில் காற்றழுத்தம் கேபினில் உள்ளதே. அஞ்சத்தக்க நேரம் பெரும்பாலும் தரையில் கழிவது: வெயிலில் காத்திருத்தல், வண்டியில் ஏற்றி இறக்குதல். ஒவ்வோர் இடைமாற்றமும் அதை இரட்டிப்பாக்கும். ஆதலால் இடைமாற்றத்தோடு கூடிய பயணத்தைத் தவிர்த்து, மும்பைவரை சாலையில் சென்று, அங்கிருந்து சென்னைக்கு நேரடி விமானத்தில் செல்வதென்று முடிவுசெய்துள்ளேன். பூட்டுக்கு மேலே பிளாஸ்டிக் கட்டுகளும் போடப்படும். இன்றே கூண்டு வாங்கி வீட்டில் வைத்துவிட்டேன்; புறப்படும் நாளுக்குள் மிசல் அதைத் தன் இடமென்று கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சான்றுகள். உள்நாட்டில் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும், பயணத்தை ஒட்டிக் கால்நடை மருத்துவர் தரும் உடற்தகுதிச் சான்றும் வேண்டும். முதுமுனைவர் ஆய்வுக்கு ஐரோப்பா செல்வோர் கவனிக்க: இந்தியாவிலிருந்து செல்லும் நாய், பூனைகளுக்குத் தடுப்பூசி போட்டு 30 நாள்களேனும் கழித்து இரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் அளவைச் சோதிக்க வேண்டும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நான்கு மாதம் இதற்கே போகும். நிதிநல்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள்.

நாயை ஆளென்று சட்டம் ஏற்கவேண்டும் என்பது என் கோரிக்கையன்று. கூண்டின் அளவை வகுக்கையில் நிற்பது, திரும்புவது, படுப்பது எது என்று விதிக்குத் தெரிந்திருக்கிறது. அது தொலைந்துபோன பிறகும் அந்த நினைவு விதிக்கு இருக்க வேண்டும் என்பதே வேண்டுகோள்.