சாவி யார் பெயரில்?

விண்டோஸ் அப்டேட் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. பழைய பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மின்சாரம் வந்தபின் லேப்டாப்பைத் திறந்தேன். புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, திரை அணைந்தது, மறுபடி சுற்றின. பிறகு ஒரு நீலத் திரை வந்து நின்றது. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. நான் தினமும் அடிக்கும் நான்கு இலக்க பின் எண் அதற்குத் தேவைப்படவில்லை.

உள்ளே என் மூன்று வருட உழைப்பு இருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பதிவு செய்த ஒப்பாரிகள். பாடியவர்களில் இரண்டு அப்பத்தாக்கள் இப்போது உயிரோடு இல்லை. கைபேசியில் இடமில்லையென்று லேப்டாப்பில் ஏற்றியதும் அங்கே அழித்துவிட்டேன். வேறு பிரதி எடுக்கவில்லை. ஆய்வுத் தரவுகளைப் பத்திரப்படுத்துவது எப்படி என்று மாணவிகளுக்கு வகுப்பெடுப்பவள் நான்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் பத்து நொடி பார்த்தான். "கீ இல்லேன்னா ஃபார்மட்தான் மேடம். வீட்ல சார்கிட்ட கேட்டுப் பாருங்களேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தோடு வீடு திரும்பிய பிறகுதான் புரிந்தது, அவன் சொன்னது சரி.

இப்போது வரும் பல லேப்டாப்புகளில், முதல்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழையும்போதே வன்தட்டு தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. லேப்டாப் திருடுபோனால் உள்ளிருப்பதைப் பிறர் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். பூட்டின் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். நல்ல நாளில் அது நம் கண்ணிலேயே படாது. இயங்குதளம் கெட்டு, பழுதுபார்க்க உள்ளே போகும் நாளில்தான் கேட்கும்.

லேப்டாப் என் சம்பளத்தில் வாங்கியது. பில் என் பெயரில். முதல் நாள் கணக்கைத் திறந்தது மட்டும் கணவர். "உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி" என்று தன் மின்னஞ்சலைக் கொடுத்து வேலையை முடித்தார். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். அதை அன்பு என்று நினைத்தேன். அன்பாகவும் இருந்திருக்கலாம். நாங்கள் பிரிந்து இரண்டு வருடமாகிறது.

பதினொரு மாதத்துக்குப் பிறகு அவரை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி எண்களை வாசித்தார். விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். "சரியா இருக்கான்னு பாத்துக்கோ" என்றார். வைத்துவிட்டோம்.

அவர் கொடுத்தார். கொடுக்காமலும் இருந்திருக்கலாம். வக்கீலிடம் பேசு என்றிருக்கலாம், அழைப்பை எடுக்காமலே விட்டிருக்கலாம். இறந்துபோன இரண்டு பெண்களின் குரலும் என் மூன்று வருடமும் அன்று மாலை ஒருவருக்கு இருந்த நல்ல மனநிலையை நம்பி நின்றன. அவர் நல்லவர் என்பதால் தப்பித்தேன் என்று எழுதவே கூசுகிறது.

பழுதுபார்க்க உதவியவள் எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கும் மாணவி. இதுவரை என் கணினியைச் சரிசெய்ய வந்த ஆண்கள் எல்லோரும் முதலில் செய்த காரியம், என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். "நீங்களே டைப் பண்ணுங்க மேம்" என்றாள்.

சரிசெய்யும் முன் உள்ளிருப்பதை வெளியே எடுக்க வேண்டும் என்பது அவள் சொன்ன முதல் பாடம். சாவியைக் கொடுத்ததும் மீட்புத் திரையில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்தது. நோட்பேட் என்று அடிக்கச் சொன்னாள். அதில் கோப்பைத் திறக்கும் பெட்டிக்குப் போய், எல்லாவகைக் கோப்புகளையும் காட்டச் சொன்னால் என் ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன. சி டிரைவ் அங்கே டி டிரைவாகத் தெரிந்தது. அந்தத் திரையில் அப்படி மாறித் தெரிவதுண்டாம், பயப்பட வேண்டாம் என்றாள். ஒப்பாரிகளை அங்கிருந்தே பென் டிரைவில் நகலெடுத்தோம்.

அதன் பிறகுதான் பழுது. ஸ்டார்ட்அப் ரிப்பேர் முடியாது என்று கைவிரித்தது. செக் டிஸ்க் ஓட்டினோம், வன்தட்டில் பிழையில்லை. கடைசியாக, சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதிதாக நிறுவும் ரீசெட். லேப்டாப்பில் இருந்த கோப்புகளைக் கொண்டே செய்தபோது பாதியில் நின்றது, அவையே சிதைந்திருக்க வேண்டும். இணையத்திலிருந்து புதிதாக இறக்கி நிறுவும் வழியைத் தேர்ந்தோம். இரவு பத்து மணிக்கு முகப்புத் திரை வந்தது. நான் நிறுவிய மென்பொருள்கள் போயிருந்தன. கோப்புகள் இருந்தன.

தூங்கப் போகவில்லை. என் மின்னஞ்சலில் புதுக் கணக்குத் தொடங்கி, அதற்கு அட்மின் உரிமை கொடுத்து, என் கோப்புகளை அதற்கு மாற்றினேன். பழைய கணக்கை நீக்கினேன். வன்தட்டின் பூட்டை அணைத்து, அது முழுக்க அவிழும்வரை காத்திருந்து, மறுபடி போட்டேன். புதுச் சாவி உருவானது. என் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கைப்படத் தாளிலும் எழுதி பீரோவில் வைத்தேன். பட்டச் சான்றிதழ்களும் அம்மா தந்த நகையின் ரசீதும் இருக்கும் அதே உறையில்.

ஒரு வாரம் கழித்துத் துறையில் தேநீர் நேரத்தில் இதைச் சொன்னேன். ஐந்து பேர் இருந்தோம், எல்லோரும் முனைவர் பட்டம் பெற்றவர்கள். லேப்டாப் எந்த மின்னஞ்சலில் இயங்குகிறது என்று கேட்டேன். ஒருவருக்குத் தம்பி, ஒருவருக்கு மகன், இருவருக்குக் கணவர். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் உதவி செய்தவர்கள்தான்.

வீடு யார் பெயரில், வங்கிக் கணக்கு யார் பெயரில் என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பக்கத்தைத் திறந்தால் உங்கள் லேப்டாப் எந்த மின்னஞ்சலில் இருக்கிறதென்று தெரியும். உங்களுடையதாக இல்லையென்றால், அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.